மார்ச் 14-ஆம் தாளின் பின்பக்கம்

பசுந்தாங், ரங்கூன்
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

மகள் செலினுக்கு,

அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, அப்பாவே எழுதுவது. கடிதத்தின் தலையில் ஒரு சிலுவை போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று ஷாரோன் சயாமா சொன்னாள். போட்டிருக்கிறேன், கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

ஷாரோன் யார் என்று கேட்பாய். கோவிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பின்கட்டில் தமிழ் வகுப்பு எடுக்கிற பெண். இருபத்திரண்டு வயது. வகுப்பில் ஒன்பது பிள்ளைகள், பத்தாவது நான். பிள்ளைகள் அவளைச் சயாமா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். எழுபத்தாறு வயதில் டீச்சரிடம் திட்டு வாங்குவது நன்றாகத்தான் இருக்கிறது. 'ழ' எழுதத் தெரியாமல் இரண்டு வாரம் நின்றேன். இப்போது வந்துவிட்டது, பார்: ழ ழ ழ.

பபேடானில் இந்துக் கோவில் மதில் ஒன்று இருக்கிறதே, நான் வேலை பார்த்த பஸ் திரும்புகிற இடம். அந்தச் சுவரில் தமிழில் என்னமோ எழுதியிருக்கும். சாமி எழுத்து என்று நினைத்து, வேற்று மதமானாலும் மரியாதைக்கு ஒவ்வொரு தடவையும் தொப்பியைத் தொட்டுக்கொள்வேன். போன மாதம் நின்று வாசித்தேன். 'இங்கே குப்பை போடாதீர்.' முப்பத்தெட்டு வருடம் குப்பைக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன் செலின். நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

எண் எனக்குப் புதிதில்லை, பர்மிய எண்ணும் தெரியும், இங்கிலீஷ் எண்ணும் தெரியும். எந்த பஸ் வருகிறது என்று தூரத்திலேயே சொல்வேன். எழுத்துதான் எட்டாமல் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் அய்யூப் பாய் துணி வாங்கப் பினாங்குக்கு வந்து போகிறார் அல்லவா, அவர் கடையில் பினாங்கில் அச்சடித்த தேதி கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. வாசித்துப் பழகட்டும் என்று கிழித்த தாளையெல்லாம் எனக்குத் தருகிறார். பின்பக்கத்தில் 'இதே நாளில்' என்று போட்டு, அன்று பிறந்தவர், இறந்தவர், நடந்தது எல்லாம் இருக்கும். ஆறு மாதம் அதை வைத்துத்தான் எழுத்துக் கூட்டினேன். போன வாரம் பாய் சொல்கிறார், "அண்ணே, அந்தப் பின்பக்கம் பூரா உங்க மக எழுதுறது. அந்த அச்சகத்துலதான் அதுக்கு வேலை."

வீட்டுக்குப் போய் எல்லாத் தாளையும் திரும்ப எடுத்துப் பரப்பினேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இரண்டு வருடமாக உன் குரல் இல்லை. ஆனால் ஆறு மாதமாக நீதான் எனக்குத் தினம் ஒரு தாள் பேசியிருக்கிறாய்.

மார்ச் 14-ஆம் தாளைத் தேடி எடுத்தேன். 1879-இல் ஐன்ஸ்டைன் பிறந்தார். 1883-இல் கார்ல் மார்க்ஸ் இறந்தார். 1931-இல் இந்தியாவின் முதல் பேசும் படம் பம்பாயில் வெளியானது. 2018-இல் ஸ்டீபன் ஹாக்கிங் இறந்தார். பேசும் படம் தவிர எனக்கு யாரையும் தெரியாது. உன் தம்பி ஆல்பின் செத்த நாளில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

அடுத்த வருடத் தாளில் ஒரு வரி சேர்க்க முடியுமா மகளே? ஆல்பின் பேர். அவ்வளவுதான்.

இதை எழுத நாலு ஞாயிறு ஆனது. சயாமா பிழை திருத்தினாள்.

அப்பா
மைக்கேல்


பினாங்கு
1 செப்டம்பர் 2024

அப்பா,

கடிதம் கிடைத்தது. அய்யூப் பாய் நேரில் தந்தார். நீங்களே எழுதினீர்கள் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

நீங்கள் கேட்டது நடக்காது. அந்தப் பக்கத்தில் உலகம் அறிந்தவர்கள்தான் வருவார்கள். முதலாளிதான் கடைசியாகப் பார்த்து அனுப்புவார்.

அவர் சம்மதித்தாலும் எந்தத் தேதித் தாளில் போடுவது? 2021 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, ராணுவ ஆட்சி வேண்டாம் என்று தெருவில் நின்றவர்களை லைங் தாயாவில் சிப்பாய்கள் சுட்டார்கள். ஆல்பின் தையல் மெஷின் பழுது பார்க்கிற பையன், தொழிற்சாலை விடுதியிலிருந்து தெருவுக்கு வந்தவன், அங்கேயே விழுந்தான். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அரசாங்கத் தாளில் அவன் மார்ச் 12-ஆம் தேதி நெஞ்சடைப்பில் இறந்தவன். யாரும் சுடாத ஒரு வெள்ளிக்கிழமையில், தன் பாட்டுக்கு இறந்தவன். அந்தத் தாளின் அடியில் உங்கள் கைநாட்டு இருக்கிறது.

கோவில் பதிவேட்டிலும் அதுவே ஏறிற்று. முதல் வருட நினைவுப் பூசையில், பன்னிரண்டாம் தேதி, சாமியார் "ஆல்பின் மைக்கேலின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசித்தார். நான் எழுந்து வெளியே போனேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை. வாசலில் வைத்து, "கைநாட்டு வச்ச கையால இனிமே என்னைத் தொடாதீங்கப்பா" என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் இங்கே வந்துவிட்டேன்.

அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள், பாவம் அப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு சமாதானத்தில்தான் உங்களை வெறுக்காமல் இருந்தேன்.

இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பர்மிய எண் தெரியும் என்று. சின்ன வயதில் உங்கள் தோளில் உட்கார்ந்து பஸ் எண்ணைப் போட்டி போட்டு வாசித்தவள் நான். அது எப்படி எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று?

அந்தத் தாளில் பன்னிரண்டு என்று பெரிதாக இருந்தது. நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

செலின்


பசுந்தாங்
6 அக்டோபர் 2024, ஞாயிறு

மகளே,

இந்தக் கடிதத்தைச் சயாமாவிடம் காட்டவில்லை. பிழை இருந்தால் என்னுடையது.

பார்த்தேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு மூன்று நாள் தாளை மூடி வைத்திருந்தேன்.

எண்ணை மட்டும் பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் முழுவதையும் வாசித்தான். "ஊ மைக்கேல், நெஞ்சு அடைச்சு இறந்தான். தேதி பன்னெண்டு. சரிதானே?" என்றான், பெயருக்கு முன் 'ஊ' போட்டு, மரியாதையாகத்தான். சரி என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னான். எனக்கு எழுத்துத் தெரியாது என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். கட்டை விரலை அவனே பிடித்து உருட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலா வச்சீங்க?" தெரியாது என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள்ளே மூன்று வருடம் குடியிருந்தேன் செலின். எழுத்துத் தெரியாதவன் என்றால் எல்லாரும் பாவப்படுகிறார்கள். நீ கோபப்பட்டாலும் உள்ளே பாவப்பட்டாய், எனக்குத் தெரியும். அதை விட மனமில்லை.

பிறகு ஏன் படிக்கப் போனீர்கள் என்று கேட்பாய். வேறு வழி தெரியவில்லை. தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே செத்துப் போவேனோ என்று பயம் வந்தது. படித்தால் சந்தோஷம் வருகிறது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு பலகையை வாசித்துச் சிரிக்கிறேன், உடனே அந்த மேசை ஞாபகம் வருகிறது.

ஏன் வைத்தேன் என்றால், வைக்காவிட்டால் உடலைத் தரமாட்டோம் என்றார்கள். கல்லறையில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவனை அங்கே வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கீழே ஐந்து வரி அடித்திருக்கிறேன். தப்பாக எழுதிவிட்டேன். அதைப் பார்க்காதே.

அப்பா


பினாங்கு
3 நவம்பர் 2024

அப்பா,

ஏமாந்தவரை மன்னிக்கலாம். தெரிந்து வைத்தவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு அவன் தெருவில் இறங்கியது உண்மை. அது ஒன்றுதான் அவனிடம் கடைசியாக இருந்தது. அதை எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் என்னிடம் ஒன்றும் அறியாதவராக இருந்திருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

செலின்


பசுந்தாங்
27 டிசம்பர் 2024

மகளே,

எழுத வேண்டாம் என்றாய். ஒன்றும் கேட்பதற்காக எழுதவில்லை. செய்த காரியத்தைச் சொல்லத்தான்.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகப் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். மற்ற வருடங்களில் சும்மா கையில் பிடித்திருப்பேன். ஒரு வருடம் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று உன் அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பாள். இந்த வருடம் பக்கத்து ஆளுக்குப் பக்க எண் சொன்னவனே நான்தான்.

டிசம்பர் 23-ஆம் தாளைப் பாய் தந்தார். '1941: ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின' என்று எழுதியிருக்கிறாய். என் அப்பா அன்று துறைமுகத்தில் வேலையில் இருந்தவர். வானத்தைப் பார்த்துக் கை தட்டினார்களாம், விமானத்தை அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லையாம். அப்புறம்தான் விழுந்தது. அப்பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பேர் அப்பாவுக்கே தெரியாது. எந்தத் தாளிலும் இல்லை.

ஆனால் அந்த நாள் இருக்கிறது செலின். பேர் போனாலும் நாள் இருக்கிறது. எண்பத்து மூன்று வருடம் கழித்து, பினாங்கில் உட்கார்ந்து நீ ஒரு வரி போடுகிறாய், இங்கே நான் வாசித்து அந்த இரண்டு பேரையும் நினைக்கிறேன். நான் ஆல்பினுக்கு அதைக்கூட விட்டுவைக்கவில்லை. நீ கோபப்பட்டது எதற்கு என்று எனக்கு அந்தத் தாளை வாசித்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

நேற்றுச் சாமியாரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனக் கூண்டில் இல்லை, நேருக்கு நேர், அவர் அறையில். பன்னிரண்டாம் தேதி இனி அவன் பேரை வாசிக்க வேண்டாம் என்றேன். அரசாங்கத் தாளில் இருப்பதைத்தானே பதிவேட்டில் எழுத முடியும் என்றார். நான் எழுந்து வரவில்லை. கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன், போங்க" என்றார்.

அப்பா


பினாங்கு
26 ஜனவரி 2025

அப்பா,

உங்கள் அக்டோபர் கடிதத்தில் அடித்திருந்த ஐந்து வரியைப் பார்க்காதே என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பர் கடிதம் வந்த அன்று அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மை தடிப்பாக இருந்தது. 'மகள்' என்ற சொல் மட்டும் இரண்டு இடத்தில் தெரிந்தது.

அன்று உங்களோடு அந்த அலுவலகத்துக்கு வந்தவர் அய்யூப் பாய்தானே. அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கியிருக்காரும்மா."

"சத்தியம் பெருசா, நான் பெருசா பாய்?"

"இரு, டீ ஆறுது."

டீயைக் குடித்து முடித்தார். கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் சொன்னார்.

அந்த ஆள் முதலில் தாளை நீட்டியபோது நீங்கள் மாட்டேன் என்றீர்களாம். "என் பையன் செத்தது ஞாயிற்றுக்கிழமை" என்று சத்தமாகவே சொன்னீர்களாம். அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தானாம். நர்சரி பள்ளி டீச்சர்கள் ஊர்வலம் போன படம். முன்வரிசையில் பலகை பிடித்துக்கொண்டு நான். "இது உங்க பொண்ணுதானே ஊ மைக்கேல்? இப்ப வீட்டுலதானே இருக்கு?"

அதற்குப் பிறகுதான் எழுத்துத் தெரியாது என்று சொல்லிக் கட்டை விரலை நீட்டினீர்களாம்.

ஏன் எழுதவில்லை அப்பா? வாசலில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. தெரிந்தால், அவன் தேதிக்குப் பதிலாகத்தான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன் என்று பயந்தீர்கள். அப்படித்தான் நினைக்கிறேன். பஸ்ஸில் போகும்போது நினைக்கிறேன், சாப்பிடும்போது நினைக்கிறேன். என்னைக் காப்பாற்ற நீங்கள் கொடுத்ததற்கு நானே உங்களைத் தண்டித்திருக்கிறேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று பார்த்தேன். இரண்டுக்கும் சொல் வரவில்லை.

வர முடியாது அப்பா. என் பாஸ்போர்ட் போன மாதம் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப் பர்மியத் தூதரகத்துக்குப் போனால் அந்தப் போட்டோ எங்கே இருக்கும் என்று தெரியாது.

இதோடு 2025 காலண்டரின் மார்ச் 14-ஆம் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நவம்பரில் அச்சுக்குப் போகும்போது, உங்கள் மேல் அத்தனை கோபத்திலும், கடைசி வரியாக '2021: லைங் தாயா' என்று மட்டும் போட்டேன். முதலாளி பார்த்தார். நல்ல மனிதர்தான். "இது ரங்கூனுக்கும் போற காலண்டர்மா. அங்க மாட்டி வைக்கிறவன் என்ன பாடு படுவான்?" என்றார். அய்யூப் பாய் கடைச் சுவர் ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு ஏதாவது நிரப்பச் சொன்னார். யாரோ ஒருவர் பிறப்பதும் இறப்பதும் கிடைக்காமலா போகும்? நான் நிரப்பவில்லை. ஹாக்கிங்குக்குக் கீழே ஒரு வரி வெற்றாக இருக்கும், பாருங்கள். அச்சுப் பிழை என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

உங்களுக்குத்தான் எழுத வந்துவிட்டதே.

உங்கள் மகள்
செலின்


பசுந்தாங்
16 மார்ச் 2025, ஞாயிறு

செலினுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை. மடிப்பில் கிழிந்துவிட்டது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். பாயிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நானே போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ அவன் தேதிக்குப் பதிலாக நடமாடவில்லை. என் மகள் என்பதால் நடமாடுகிறாய். இதை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொள், நினைப்பு வரும்போதெல்லாம் வாசி.

பன்னிரண்டாம் தேதி பூசைக்குப் போனேன். சாமியார் இறந்தவர்கள் பேரை வாசித்தார், ஆல்பின் பேர் வரவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த நாளில் அவன் சாகவில்லை.

முடிந்ததும் சாமியார் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை, பதினாலாந்தேதி, சிலுவைப் பாதை முடிஞ்சு பூசை இருக்கு. வாங்க."

"பேரை வாசிப்பீங்களா சாமி?"

"நான் வாசிச்சா பதிவேட்டைப் பார்த்துத்தான் வாசிக்கணும். குடும்பத்துல ஒருத்தர் எழுந்து வாசிச்சா நான் தடுக்க முடியாது."

"தேதியும் பேரும் மட்டும் சாமி, வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நீ அனுப்பிய தாளை எடுத்தேன். வெற்று வரியில் முதலில் பென்சிலால் எழுதி அழித்தேன், இரண்டு தடவை. தாள் மெல்லியது, மூன்றாம் தடவை அழித்தால் ஓட்டை விழும் என்று பேனாவாலேயே எழுதினேன். '2021: ஆல்பின் மைக்கேல், மெக்கானிக், லைங் தாயாவில் இறந்தான்.' உன் அச்செழுத்து மாதிரி வராது. வரி கொஞ்சம் மேலே ஏறி ஹாக்கிங் பேரில் இடித்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது, தவக்காலம் அல்லவா. பெயர்கள் வாசிக்கிற நேரம் வந்தது. சாமியார் தன் தாளை வாசித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார். நான் எழுந்தேன். அன்றைக்கு நீ எழுந்தாயே, அதே வரிசை. முன்னால் நடந்து போக முழங்கால் வலித்தது. தாளைத் திருப்பிப் பிடித்தேன். தலைகீழாக இல்லை, பார்த்துக்கொண்டேன்.

மேலே இருந்த பெரிய மனிதர்களை வாசிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்து விரலை வைத்தேன். அதே கட்டை விரல்தான்.

"மார்ச் பதினாலு" என்றேன். அது எண்தானே, சுலபமாக வந்தது.

பிறகு பேர். பிறந்த நாளிலிருந்து வாயால் கூப்பிட்ட பேர் செலின். பார்க்காமலே சொல்லியிருக்கலாம். ஆனால் தாளைப் பார்த்ததும் எனக்கு அது புதிதாக இருந்தது. ஆ என்றேன். ல் என்றேன். அடுத்த எழுத்துக்கு விரல் போகவில்லை, கண்ணில் தண்ணீர் நின்று எழுத்து இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு பி என்றேன். ன் என்றேன். அப்புறம் என் பேர், அது அவன் பேருக்குப் பின்னால் நிற்கிறது, அதையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ஊர் பேரும் மற்றதும் தாளில் இருந்தது. சாமியாருக்குக் கொடுத்த வாக்கு இருந்ததால் அங்கே நிறுத்திக்கொண்டேன். ஆனால் திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேர் முழங்காலில் இல்லை, எழுந்து நின்றார்கள்.

வெளியே வந்ததும் ஷாரோன் சயாமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுது முடித்திருந்தாள். டீச்சர் இல்லையா, ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நல்லா வாசிச்சீங்க தாத்தா. எழுத்தெல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம் வேகமா வாசிக்கப் பழகணும்."

மற்றதை எல்லாம் பழகிக்கொள்கிறேன் சயாமா என்றேன். அவன் பேரை மட்டும் வேகமாக வாசிக்கப் பழகமாட்டேன். அவ்வளவு நேரம் அவன் எங்களோடு அங்கே இருந்தான்.

தாளை இதோடு அனுப்புகிறேன். பாய் கடைச் சுவரில் மாட்ட முடியாது. உன்னிடம் இருக்கட்டும்.

அப்பா
மைக்கேல்